சுவரில் வைத்த கால்

(சிதம்பரத்தில் ஒரு வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



போன மாதம் இதே மேடையில் திருமந்திரம் பேசினார்கள். இந்த மாதம் நான் விஜயகாந்த் படங்களையும், அவற்றைப் பற்றி நம் மாவட்டத்து ரசிகர்கள் பேசும் பேச்சையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அழைப்பிதழ் அச்சடித்த நண்பர் தலைப்பில் ஏதோ பிழை என்று நினைத்து எனக்குப் போன் போட்டார். பிழை இல்லை என்றேன். "சிதம்பரத்துல போயா சார்?" என்றார். சிதம்பரத்தில்தான் பேச வேண்டும். தூக்கிய காலுக்குக் கோயில் கட்டிய ஊர் இது. ஒரு கால் ஊன்றி மறுகால் எழும்பினால் அதற்கு என்னென்ன பொருள் என்று தலைமுறை தலைமுறையாகப் பேசிக்கொண்டிருக்கிற ஊர். நான் பேச வந்ததும் ஒரு காலைப் பற்றித்தான்.

எனக்கு ஊர் கடலூர் முதுநகர். நாங்கள் ஓ.டி. என்போம். அங்கே ஒரு டீக்கடை. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் அந்தக் கடைப் பெஞ்சில் ஒரு கூட்டம் சேரும். வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், மீன் ஏலம் விடுபவர் ஒருவர், லாரி ஓட்டி முதுகு போனதால் இப்போது வீட்டில் இருப்பவர் ஒருவர், கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர் ஒருவர். எல்லோருக்கும் அறுபதை ஒட்டிய வயது. நாற்பது வருஷமாக இவர்கள் பேசுவது ஒரே ஆளைப் பற்றி: இவர்கள் கேப்டன் என்று அழைக்கும் விஜயகாந்த். அதில் இன்றுவரை தீராத வழக்கு ஒன்று இருக்கிறது. கேப்டன் ஓடி வந்து சுவரில் ஒரு காலை வைத்து, உடம்பைச் சுழற்றி, மறுகாலால் எதிராளியை உதைப்பார் அல்லவா? சுவரில் வைப்பது இடது காலா, வலது காலா?

சிரிக்காதீர்கள். இந்த வழக்கில் இரண்டு முறை சட்டை கிழிந்திருக்கிறது.

அந்த உதையை ஒருமுறை மெதுவாக நினைத்துப் பாருங்கள். எதிரே நாலு பேர். பின்னால் ஒரு சுவர், அல்லது மரம், அல்லது லாரியின் பக்கப் பலகை. மற்ற கதாநாயகர்களுக்கு முதுகுக்குப் பின்னால் சுவர் இருந்தால் மாட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம். இவருக்குச் சுவர் கிடைத்தால் எதிராளிதான் மாட்டிக்கொண்டான். இரண்டு எட்டு ஓடுவார். ஷூவின் முன்பாதம் சுவரில் பதியும். அந்த ஒரு நொடி உடம்பு முழுக்கத் தரைக்குப் படுக்கைவாட்டில் நிற்கும். அப்புறம் இடுப்பு திரும்பும். கால் பின்னால் வரும். 1980-களின் நடுவில் எங்கள் தெருவில் வெள்ளையடித்த சுவர் எதுவும் வெள்ளையாக இருந்ததில்லை. இடுப்பு உயரத்தில் வரிசையாகக் கால் தடங்கள். செருப்பு போடாத கால்களின் தடம் என்பதால் ஐந்து விரலும் தெளிவாகத் தெரியும். என்னுடைய தடமும் அங்கே இருந்தது. நான் விழுந்ததற்கான தழும்பு இன்னும் முழங்கையில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் காட்டுகிறேன்.

இந்தத் தகவலெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். சினிமா விமர்சனம் என்றால் பத்திரிகையில் வருவது என்றும், ரசிகன் என்றால் விசில் அடிப்பவன் என்றும் நாம் பிரித்து வைத்திருக்கிறோம். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், எனக்கு அந்தப் பிரிவினையில் நம்பிக்கை போய்விட்டது. அவர்கள் பேசுவது விமர்சனம்தான். ஆனால் அவர்களுடைய அளவுகோல் வேறு. கதை, திரைக்கதை, குறியீடு என்றெல்லாம் போக மாட்டார்கள். வேலை நடந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

வெல்டிங் அண்ணன் சொல்வார்: "அடி விழுந்துச்சா, விழுந்த மாதிரி காட்டுனானா, அதான் கேள்வி." அவர் வாழ்நாள் முழுக்க இரும்பை ஒட்டியவர். ஒட்டு பிடித்ததா, மேலே பூசியிருக்கிறதா என்பது அவருக்குப் பார்த்ததும் தெரியும். அதே கண்ணால்தான் சண்டையையும் பார்க்கிறார். ரோப் கட்டித் தூக்கினால் உடம்பின் கனம் காணாமல் போய்விடும். அதை உடனே கண்டுபிடித்துவிடுவார். டூப் போட்டால் தோளைப் பார்த்தே சொல்லிவிடுவார். மீன் ஏலக்காரருடைய கவலை வேறு. உதைத்தபின் கேப்டன் எப்படித் தரையில் இறங்குகிறார் என்பதுதான் அவருக்கு முக்கியம். படகிலிருந்து அலையில் குதித்துப் பழகியவருக்கு ஏறுவது பெரிய விஷயமில்லை, இறங்குவதுதான் விஷயம். லாரிக்காரரோ வண்டிச் சண்டைகளை மட்டும் பேசுவார். 'செந்தூரப்பூவே' படத்தின் ரயில் சண்டையைப் பற்றி ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும்.

அந்த ஆள் யார் என்பதை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுகிறேன், இங்கே இளைஞர்கள் இருப்பதால். விஜயராஜ் என்ற பெயரில் 1952 ஆகஸ்ட் 25 அன்று பிறந்த மதுரைக்காரர். அப்பாவின் அரிசி ஆலையில் வேலை பார்த்தவர். 1979-ல் 'இனிக்கும் இளமை' முதல் படம். 1981-ல் எஸ்.ஏ. சந்திரசேகர் இயக்கிய 'சட்டம் ஒரு இருட்டறை' ஓடியது. அந்தக் கதைதான் இந்திக்குப் போய் 'அந்தா கானூன்' ஆனது. அதில் அமிதாப் பச்சனும் ரஜினிகாந்தும் நடித்தார்கள். 1984-ல் மட்டும் இவருக்குப் பதினெட்டுப் படங்கள் வந்தன. தமிழைத் தவிர வேறு மொழிப் படத்தில் நடிக்கப் போகவில்லை. 2023 டிசம்பர் 28 அன்று காலமானார். மறு ஆண்டு பத்ம பூஷண் அறிவிக்கப்பட்டது. மீதியெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

ஒரு வருஷத்தில் பதினெட்டுப் படம் என்றால் என்ன? மூன்று வாரத்துக்கு ஒன்று. கலை என்று பார்த்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். எங்கள் பெஞ்சில் யாரும் கூச்சப்பட்டதில்லை. "மூணு ஷிப்ட் பார்த்திருக்கார் மனுசன்" என்பார்கள். நெய்வேலிச் சுரங்கத்தில் மாமனோ மச்சானோ ஷிப்ட் பார்க்கிற வீடுகள் நிறைந்த மாவட்டத்தில் அது பாராட்டுச் சொல். அமெரிக்காவில் சார்லஸ் பிரான்சன் என்று ஒரு நடிகர் இருந்தார். பாறையில் செதுக்கிய மாதிரி முகம், அதிகம் பேசாத துப்பாக்கிக்காரர். நடிக்க வருவதற்கு முன்னால் பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். அவருடைய முகத்தில் அந்தச் சுரங்கம் தெரியும் என்பார்கள். அரிசி ஆலை விஜயகாந்தின் தோளில் தெரிந்தது என்று நான் சொன்னால் மிகையாக இருக்கலாம். மூட்டை தூக்கியவர்கள் பார்த்தார்கள். தங்களைப் போல ஒருவன் என்று முடிவு செய்தார்கள். கறுத்த நிறம், சிவந்த கண், மெருகேற்றாத பேச்சு. அந்த நிறத்துக்காகவே சேர்ந்து நடிக்கத் தயங்கிய கதாநாயகிகள் ஆரம்பத்தில் உண்டு என்று சினிமாக்காரர்களே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். பிற்பாடு 'கருப்பு எம்ஜிஆர்' என்று பட்டம் வந்தது. பிச்சாவரத்தில் எம்ஜிஆர் 'இதயக்கனி'க்காக வந்து போன கதையை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிற வட்டாரம் இது. அந்தப் பட்டத்தை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

படம் பார்த்த இடங்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த ஊரில் லேனா, வடுகநாதன். எங்கள் பக்கம் கிருஷ்ணாலயா. தியேட்டரைவிட முக்கியமான இடம் ஒன்று இருந்தது. டெக். ஊரில் திருவிழா என்றாலும், மஞ்சள் நீராட்டு என்றாலும், வயசானவர் கருமாதி ராத்திரி என்றாலும் வீடியோ டெக்கும் கலர் டிவியும் வாடகைக்கு எடுப்பார்கள். விடிய விடிய மூன்று படம். முதல் படம் சாமி படம், பெரியவர்களுக்காக. மூன்றாவது படம் விடிகாலையில், எல்லோரும் தூங்கிவிடுவார்கள். நடுவில் வருகிற படம்தான் ஊருக்கான படம். அந்த நடுப்படத்தில் பத்துக்கு ஆறு விஜயகாந்த் படமாக இருக்கும் என்பது என் நினைவுக் கணக்கு. அடிதடிப் படத்தைப் போட்டால்தான் டெக்காரரே தூங்காமல் இருப்பார் என்றும் ஒரு காரணம் சொல்வார்கள்.

இனி சீருடைக்கு வருகிறேன். சொல்லக் கொஞ்சம் சங்கடமான பகுதி இது.

தமிழ் சினிமாவில் போலீஸ் வேடத்துக்கு ஒரு தந்தை உண்டு: 1974-ல் வந்த 'தங்கப்பதக்கம்' சௌத்ரி. சிவாஜியின் அந்த அதிகாரி நிமிர்ந்து நிற்பார். கடமைக்காக மகனையே சுடுவார். ஆனால் சுவரில் கால் வைக்க மாட்டார். விஜயகாந்த் வந்த பிறகுதான் காக்கிச் சட்டை ஓட ஆரம்பித்தது. 1986 சுதந்திர தினத்தன்று 'ஊமை விழிகள்' வந்தது. திரைப்படக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து எடுத்த படம். ஆபாவாணன் எழுத, அரவிந்தராஜ் இயக்கினார். அப்போது முப்பதைக் கொஞ்சம் தாண்டிய விஜயகாந்த், நரை போட்டுக்கொண்டு டி.எஸ்.பி. தீனதயாளனாக வந்தார். பெரிய கதாநாயகர்கள் அனுபவமில்லாத பையன்களை நம்பாத காலத்தில் இவர் நம்பினார். இன்னொரு சுவையான விஷயம், அதே படத்தில் பத்திரிகை அதிபராக ஜெய்சங்கர் நடித்தார். 'வல்லவன் ஒருவன்', 'சி.ஐ.டி. சங்கர்' என்று நம் அப்பாக்களின் ஜேம்ஸ்பாண்டாக இருந்தவர். பழைய துப்பாக்கியும் புதிய துப்பாக்கியும் ஒரே படத்தில் வந்து போனதை அன்று யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. இன்று எங்கள் கூட்டுறவுச் சங்கக் கணக்கர், அவர் ஜெய்சங்கர் கட்சி, இதை வாரம் ஒருமுறையாவது ஞாபகப்படுத்துவார்.

1990 பொங்கலுக்கு 'புலன் விசாரணை'. ஆர்.கே. செல்வமணிக்கு முதல் படம். தயாரித்தவர் விஜயகாந்தின் பால்ய நண்பர் இப்ராஹிம் ராவுத்தர். சென்னையை நடுங்க வைத்த ஆட்டோ சங்கர் வழக்கின் நிழல் அந்தக் கதையில் இருந்தது. அதிகாரியின் பெயர் ஹானஸ்ட் ராஜ். அந்தப் பெயர் ஊரில் அப்படி ஒட்டிக்கொண்டது. நாலு வருஷம் கழித்து அதையே தலைப்பாக்கி இன்னொரு படம் வந்தது. நேர்மை என்ற சொல்லை ஒரு மனிதனின் முதல் பெயராக வைக்க வேண்டியிருந்தது என்றால், காக்கிச் சட்டைக்குள் அதை யாரும் தானாக எதிர்பார்க்கவில்லை என்றுதானே அர்த்தம்?

அந்தப் படங்களில் ஹானஸ்ட் ராஜும் அடிப்பார். விசாரணைக்குப் பிடித்த ஆளை அடிப்பார். நாங்கள் கைதட்டுவோம். 1971-ல் அமெரிக்காவில் கிளின்ட் ஈஸ்ட்வுட் நடித்த 'டர்ட்டி ஹாரி' வந்தபோதே இது சரியா என்று சண்டை கிளம்பியது. சட்டத்தைக் காப்பாற்றச் சட்டத்தை மீறும் போலீஸ்காரனுக்குக் கைதட்டலாமா என்று கேட்டார்கள். நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவர்கள் நாங்கள்தான். நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்த அதே வருஷங்களில்தான், 1992-ல், இந்தக் கூடத்துக்கு மிக அருகில் இருக்கும் அண்ணாமலைநகர் காவல் நிலையத்தில் ஒரு கணவன் உயிரிழந்தான். அவன் மனைவிக்கு நேர்ந்ததை இந்த ஊர் மறந்திருக்காது. மறு வருஷம் விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் கம்மாபுரம் காவல் நிலையம். முதனை கிராமத்துக் குறவர் ஒருவரைத் திருட்டு வழக்கென்று கொண்டுபோனார்கள். அவர் வீடு திரும்பவில்லை. அதுதான் 2021-ல் 'ஜெய் பீம்' ஆக வந்தது. படத்தில் அவரை இருளராகக் காட்டியிருந்தார்கள்.

இதைப் பெஞ்சில் ஒருநாள் கேட்டுவிட்டேன். "நிலையத்துல அடிச்சா கொலைன்றோம், படத்துல அடிச்சா விசில் அடிக்கிறோம். எப்படிண்ணே?" கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. வெல்டிங் அண்ணன்தான் வாயைத் திறந்தார். அவர் இளவயதில் யாரோ செய்த திருட்டுக்காக ஒரு காவல் நிலையத்தில் இரண்டு ராத்திரி உட்கார வைக்கப்பட்டவர். அதை அவர் முழுசாகச் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. "படத்துல கேப்டன் யார அடிக்கிறார்னு பாரு. எம்.எல்.ஏ.வ அடிப்பார், மில்லுக்காரன அடிப்பார், மேலதிகாரிய அடிப்பார். என்ன மாதிரி ஒருத்தன உக்கார வச்சி அடிச்சி நான் பாத்ததில்ல" என்றார். எல்லாப் படத்துக்கும் இது பொருந்துமா என்று நான் வீட்டுக்குப் போய் யோசித்தேன். பொருந்தாது. ஆனாலும் அவர் எந்தப் படத்தைப் பார்த்தார் என்பது எனக்குப் புரிந்தது. கம்மாபுரத்தில் நடக்காத ஒன்றை அவர் டிக்கெட் வாங்கிப் பார்த்திருக்கிறார். அதில் எனக்குச் சம்மதம் இல்லாத பகுதி இன்னும் இருக்கிறது. ஆனால் அவரைக் கேலி செய்யும் தைரியம் எனக்கு இல்லை.

திரையிலிருந்து அந்த ஆள் நம் மாவட்டத்துக்கே இறங்கி வந்த நாள் ஒன்று உண்டு. 2002 அக்டோபர். காவிரியில் கர்நாடகம் தண்ணீர் விட வேண்டும், விடாவிட்டால் நெய்வேலியிலிருந்து அங்கே மின்சாரம் போகக்கூடாது என்று தமிழ்த் திரையுலகமே திரண்டு நெய்வேலிக்கு வந்தது. முன்னால் நின்றவர் பாரதிராஜா. நடிகர் சங்கத் தலைவர் என்ற முறையில் கூட்டத்தைக் கட்டி இழுத்து வந்தவர் விஜயகாந்த். ரஜினிகாந்த் நெய்வேலிக்கு வரவில்லை, மறுநாள் சென்னையில் தனியாக உண்ணாவிரதம் இருந்தார். அதை வைத்து எங்கள் பெஞ்சில் ரஜினி ரசிகர் ஒருவர் இரண்டு மாதம் டீ குடிக்க வரவில்லை.

அன்று நெய்வேலிக்குப் போன ஆட்கள் திரும்பி வந்து சொன்னதில் காவிரி குறைவாக இருந்தது. வெயில், நெரிசல், தள்ளுமுள்ளு, நடிகைகளைப் பார்க்கப் பனைமரத்தில் ஏறியவர்கள், இதெல்லாம் இருந்தது. எல்லோரும் தவறாமல் சொன்ன ஒன்று, கேப்டன் ஓரிடத்தில் உட்காரவே இல்லை என்பது. கூட்டத்தை ஒழுங்கு செய்கிறார், வண்டியை நகர்த்தச் சொல்கிறார், சாப்பிட்டீர்களா என்று கேட்கிறார். "படத்துல பாத்த மாதிரியே வேல செய்யுறார்ப்பா" என்றார் லாரிக்காரர். மறுபடியும் அந்த அளவுகோல்: வேலை. சாப்பாட்டுப் பேச்சும் அப்படித்தான். படப்பிடிப்பில் லைட் தூக்குகிறவருக்கும் தனக்கும் ஒரே சாப்பாடு என்று அவர் வைத்ததையும், தி.நகர் ராஜாபாதர் தெரு அலுவலகத்தில் பசியோடு போன யாரும் பசியோடு திரும்பியதில்லை என்பதையும் சினிமாவில் முன்னுக்கு வந்த பலர் மேடையில் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பெஞ்சில் யாரும் ராஜாபாதர் தெருவுக்குப் போனதில்லை. ஆனால் அங்கே போட்ட குழம்பின் ருசி வரைக்கும் சொல்வார்கள்.

நெய்வேலி நடந்து மூன்று வருஷத்தில், 2005 செப்டம்பரில், மதுரையில் தே.மு.தி.க. தொடங்கினார். 2006 சட்டமன்றத் தேர்தலில் கூட்டணி இல்லாமல் ஏறத்தாழ மாநிலம் முழுக்க நின்றார்கள். ஜெயித்தது ஒரே ஒரு தொகுதி. மதுரை அல்ல, சென்னை அல்ல. நம் விருத்தாசலம்! பா.ம.க. வலுவாக இருந்த மண்ணில் பதின்மூன்றாயிரத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசம். வெளியூர்ப் பத்திரிகையாளர்கள் சாதிக் கணக்கைப் போட்டுப் பார்த்துக் குழம்பினார்கள். முந்திரித் தோப்பும் பீங்கான் சூளையும் ரயில் ஜங்ஷனும் உள்ள அந்த ஊரில், டெக் வைத்து நடுப்படம் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறை அப்போது முப்பது வயதில் இருந்தது. வெற்றிக்கு அது ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் விடை வராது என்று மட்டும் சொல்வேன்.

அரசியலின் மீதிக் கதையை நான் நீட்டப் போவதில்லை. 2011-ல் 29 இடங்கள், எதிர்க்கட்சித் தலைவர். 2016-ல் விருத்தாசலத்துக்குப் பக்கத்து உளுந்தூர்ப்பேட்டையில் மூன்றாமிடம். பெஞ்சில் இதைப் பற்றிப் பேச்சே எழாது. எழுந்தால் டீ மாஸ்டர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிடுவார்.

அவர்கள் படங்களைப் பிரித்து வைத்திருக்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். எந்தப் பல்கலைக்கழகத்திலும் இவ்வளவு தெளிவான காலப்பகுப்பு கிடைக்காது. வேட்டி கேப்டன், காக்கி கேப்டன், பாகிஸ்தான் கேப்டன். கடைசி வகையில் 'வல்லரசு' முதலான படங்கள் அடக்கம். அவற்றைப் பற்றி அவர்களே கறாராகப் பேசுவார்கள். 2001-ல் வந்த 'நரசிம்மா'வில் அவருக்கு மின்சாரம் வைத்தால் மின்சாரத்துக்கே ஷாக் அடிக்கும். இன்றைய பிள்ளைகள் செல்போனில் அதைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிச் சிரிக்கிறார்கள். அவர்களிடம் அண்ணன் சண்டைக்குப் போக மாட்டார். "அதுல ரோப்கூட இல்ல, வெறும் கரண்ட்டு. அது எங்க கணக்குல வராது" என்று விலக்கிவிடுவார். தனக்குப் பிடித்தவர் எடுத்த மோசமான படத்தை மோசம் என்று சொல்லத் தெரிந்தவர்தானே விமர்சகர்? அறிமுகமான எழுத்தாளர்களிடம் நான் இந்தத் துணிச்சலைக் கொஞ்சம்தான் பார்த்திருக்கிறேன்.

2002-ல் வந்த 'ரமணா' தனி. முருகதாஸ் படம். சுவரில் கால் வைக்க அவசியமில்லாத, பேராசிரியர் வேடம். அதில் இறந்துபோன ஆளைக் கொண்டுபோய்ச் சேர்க்க, ஆஸ்பத்திரி அவருக்கு வைத்தியம் பார்த்துப் பணம் கட்டச் சொல்லும் காட்சி வரும். தெலுங்கில் 'தாகூர்' என்றும் இந்தியில் 'கப்பர் இஸ் பேக்' என்றும் போனபோதும் அந்தக் காட்சியை யாரும் கைவிடவில்லை. பெஞ்சில் இந்தக் காட்சி வந்தால் படப் பேச்சு நின்றுவிடும். ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டு ஆஸ்பத்திரி பில்லை எடுப்பார்கள். தொகையை ரூபாய் பைசாவோடு சொல்வார்கள். படம் எங்கே முடிந்தது, வீடு எங்கே தொடங்கியது என்று தெரியாது.

இதுவரை நான் ஆண்கள் பெஞ்சையே பேசிவிட்டேன். பண்ருட்டிப் பக்கம் என் அத்தை வீட்டில் முந்திரிக் கொட்டை உடைப்பார்கள். ஓட்டின் எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்து, தோல் உரிந்திருக்கும். சாம்பலைத் தொட்டுக்கொண்டே உடைப்பார்கள். அங்கே பேசப்படும் விஜயகாந்த் வேறு ஆள். சண்டையே வராது. 'வைதேகி காத்திருந்தாள்' வெள்ளைச்சாமி, ஊருக்குத் தண்ணீர் சேந்திக் கொடுக்கும் அந்தப் பரட்டைத் தலைக்காரன், 'அம்மன் கோவில் கிழக்காலே', 'சின்னக் கவுண்டர்'. "அவன் அடிக்கிறத நாங்க பாக்கல, அவன் பொறுத்துக்கிறத பாத்தோம்" என்றார் அத்தை. பெஞ்சில் இதைப் போய்ச் சொன்னேன். ரொம்ப நேரம் எல்லோரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது வருஷம் பேசியும் தங்களுக்குத் தோன்றாதது முந்திரி உடைக்கிற இடத்தில் ஒரு வரியில் வந்துவிட்டதே என்ற வருத்தமாக இருக்கலாம்.

கடைசியாக 'கேப்டன் பிரபாகரன்'. 1991 சித்திரை முதல் நாள் வந்த அவருடைய நூறாவது படம். அவருக்கு முன் பெரிய நட்சத்திரங்கள் இருவருக்கு நூறாவது படம் கைகொடுக்காமல் போயிருந்தது. கமலுக்கு 'ராஜபார்வை', ரஜினிக்கு 'ஸ்ரீ ராகவேந்திரர்'. இவருக்கு ஓடியது. வீரப்பனை நினைவூட்டும் வீரபத்திரனாக மன்சூர் அலிகான், காடு, அருவி, இளையராஜா. கேப்டன் என்ற பெயர் அதற்குப் பிறகு அவரை விட்டுப் போகவே இல்லை. 2025 ஆகஸ்ட் 22 அன்று, பிறந்தநாளுக்கு மூன்று நாள் முன்பு, அதைப் புதுப் பிரின்ட்டாக மறுபடி வெளியிட்டார்கள். பெஞ்சே கிளம்பிப் போனது. நானும் போனேன்.

லாரிக்காரருக்கு முதுகு வலி, தலையணை கொண்டுவந்திருந்தார். வெல்டிங் அண்ணன் பேரனை அழைத்து வந்திருந்தார், ஏழு வயது. விசில் அடிக்க முயன்றார்கள். அவர்களில் இருவருக்குப் பல் இல்லாததால் காற்றுதான் வந்தது. படம் ஓடும்போது அவர்கள் திரையைப் பார்த்ததைவிட அந்தப் பையனைப் பார்த்தது அதிகம். அவன் இடைவேளை வரை பாப்கார்னில் இருந்தான். அப்புறம் ஒரு சண்டையில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். அண்ணன் என் தொடையைக் கிள்ளினார்.

வெளியே வந்ததும் பையன் கேட்டான்: "தாத்தா, எந்தக் கால சுவத்துல வைக்கிறாரு?"

பழைய வழக்கு மறுபடி எழுந்தது. இடது என்றார் ஏலக்காரர். வலது என்றார் லாரிக்காரர். பார்த்துவிட்டு வந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, அதற்குள் இருவருக்கும் வேறு வேறு கால். பெஞ்சுக்குத் திரும்பியும் ஓயவில்லை. தோற்றவர் ஒரு மாசம் எல்லோருக்கும் டீ வாங்க வேண்டும் என்று பந்தயம் வேறு. பால் ஆற்றிக்கொண்டே கேட்டிருந்த டீ மாஸ்டர், இந்தச் சிதம்பரத்துக்காரர், இறுதியாக வாய் திறந்தார்.

"எங்க ஊர்ல சாமி இடது கால தூக்கும். மதுரைல அதே சாமி கால் மாத்தி, வலது கால தூக்கிச்சு. பாண்டியன் கேட்டான்னு. இவரு எந்த ஊருங்க?"

"மதுரை."

"அப்ப ரெண்டும்தான் வைப்பாரு."

ஏலக்காரர் கிளாஸைக் கீழே வைத்தார். "அது சரி. அப்ப டீக்காசு யார் தர்றது?"